ஜூம் இல்லாத கேமரா

"இருக்கிறதிலேயே சாதாரணமான வீடியோ கேமரா ஒண்ணு காட்டுங்க."

மருமகள் கடைக்குள் நுழைந்ததும் கேட்டது இதைத்தான். கூட வந்த நாத்தனாருக்குச் சுருக்கென்றது. கேமரா வாங்குவது அவளுடைய அப்பாவுக்கு.

"ஏன், எங்கப்பா என்ன அவ்வளவு இளப்பமா?"

"மாமா கைக்குச் சுலபமா இருக்கணும் அண்ணி, அதுக்குத்தான்."

கடைக்காரர் உள்ளங்கையில் அடங்கும் கேமரா ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். நல்ல மனிதர். வியாபாரம் தெரியாதவர் என்றும் சொல்லலாம்.

"உள்ளதைச் சொல்லிடறேம்மா. புதுசா எடுக்கப் பழகுறவங்களுக்கு இது தாராளமாப் போதும். ஒரே பட்டன். அமுக்கினா ஓடும், மறுபடி அமுக்கினா நிக்கும். பகல்ல படம் பளிச்சுனு வரும், வெளிச்சம் கொறைஞ்சா புள்ளி புள்ளியா வரும். பக்கத்துல பேசுறது கேக்கும், தூரத்துல பேசுறது கேக்காது. அப்புறம், ஜூம் கிடையாது."

"ஜூமே கிடையாதா?"

"சுத்தமாக் கிடையாது."

நாத்தனார் அதை வாங்கித் தெருப்பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"எதிர்க்கடை பேரே படிக்க முடியலை. இதை வெச்சுக்கிட்டு அப்பா மாடியிலேர்ந்து என்னத்தை எடுப்பாரு?"

நியாயமான கேள்விதான். மாமனார் இருப்பது மாடியில். மகனும் மருமகளும் கீழே. சில மாதங்களுக்கு முன்னால் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தபோது, மோட்டாரை நிறுத்த மறந்தது யார் என்று அப்பாவுக்கும் மகனுக்கும் முட்டிக்கொண்டது. "உங்களுக்கு மறதி வந்துடுச்சுப்பா" என்று மகன் வாயை விட்டான். "இனி உன் வாசல்ல காலை வைக்க மாட்டேன்டா" என்று மாடியேறியவர்தான். சாப்பாடு மேலே போகிறது, பாத்திரம் கீழே வருகிறது, அவர் மட்டும் வருவதில்லை. சமாதானம் பேசப்போன மருமகளுக்குக் கால்வலிதான் மிச்சம்.

ஆனால் பேத்திமேல் அவருக்குக் கொள்ளை ஆசை. அவள் வாசலில் தவழ்வதையும் சுவரைப் பிடித்து நிற்பதையும், மாடியில் நின்றபடி பழைய கேமராவில் ஜூம் போட்டுப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தார். போன வாரம் அது கைதவறிக் கீழே விழுந்து உடைந்துவிட்டது. அதுவும் பேத்தி இன்றோ நாளையோ நடந்துவிடுவாள் என்கிற நேரத்தில்!

கடைக்காரர் இன்னொன்றை எடுத்து நீட்டினார்.

"இதுல நல்ல ஜூம் இருக்கும்மா. அட்டைப்பெட்டி கிழிஞ்சுபோச்சு, அதனால அதே விலைக்கே தந்துடறேன்."

நாத்தனார் முகம் மலர்ந்தது. "அப்பாடா! இதையே கட்டுங்க."

"வேண்டாங்க," என்றாள் மருமகள். "முதல்ல காட்டினதே போதும்."

இதுவரை கஞ்சத்தனம் என்றுதான் நாத்தனார் நினைத்திருந்தாள். இது வேறு ஏதோ! வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள் என்று நம்பியிருந்த தம்பி மனைவியா இப்படி? கடைசியில் ஜூம் இல்லாத கேமராவோடுதான் வீடு திரும்பினார்கள்.

மாடியில் மாமனார் புதுக் கேமராவை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"ஜூம் எங்கேம்மா இருக்கு?"

"உங்க செல்ல மருமகளைக் கேளுங்க," என்று பற்றவைத்தாள் மகள்.

கேட்க நேரமில்லை. கீழே வாசலில் மகன் உட்கார்ந்து குழந்தையை நிற்கவைத்துக்கொண்டிருந்தான். மெல்லக் கையை எடுத்தான். குழந்தை விழவில்லை.

மாமனார் அவசரமாகப் பட்டனை அமுக்கினார். திரையில் வாசல் முழுசாகத் தெரிந்தது. மகனின் உச்சந்தலை வழுக்கைகூடத் தெரிந்தது. குழந்தை மட்டும் மஞ்சளாக ஒரு பொட்டு.

"சே! ஒண்ணுமே தெரியலையே!"

இரண்டு படி இறங்கிப் பார்த்தார். போதவில்லை. இன்னும் இரண்டு. அதற்குள் குழந்தை ஒரு காலைத் தூக்கியது. அவ்வளவுதான், முழங்கால் வலியை எல்லாம் மறந்து தடதடவென்று இறங்கி, வாசலுக்கே வந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"டேய், தள்ளுடா! மறைக்கிறே!"

மகன் திகைத்துப் போனான். இத்தனை மாதம் கழித்து அப்பா வாயிலிருந்து ஒரு 'டேய்'!

"சரிப்பா." நகர்ந்தான். "இன்னும் கிட்ட வாங்கப்பா, நல்லாத் தெரியும்."

"எல்லாம் எனக்குத் தெரியும். நீ கையை நீட்டு, அவ வரட்டும்."

நீட்டிய கையைக் குழந்தை சட்டை செய்யவே இல்லை. தத்தக்கா பித்தக்கா என்று நடந்துபோய்த் தாத்தா மடியில் தொப்பென்று விழுந்தாள். கேமரா ஒரு பக்கம் உருண்டது. அதை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அப்பாவும் மகனும் மாறி மாறிக் குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருந்தார்கள், நடுநடுவே ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டும்.

படியில் நின்று பார்த்த நாத்தனாருக்குக் கண் நிறைந்துவிட்டது. இறங்கி வந்து, வாசல் கதவோரம் நின்ற மருமகளின் தோளைத் தொட்டாள்.

"ஏன்டி, உண்மையைச் சொல்லு. அந்த ஜூம் கேமராவை ஏன் வேணாம்னே?"

மருமகள் சிரித்தாள்.

"ஜூம் இருந்தா குழந்தைதானே அண்ணி மாமாகிட்டப் போகும்? இல்லேன்னாதானே மாமா இறங்கி வருவாரு!"