நன்றி சொல்லாத நாற்காலி

உருகுவே நாட்டின் மொந்தெவிதேயோவில் ஹெபர் தன் வானொலி நிகழ்ச்சிக்காகச் சமையலறையில்தான் பாடகர்களைப் பேட்டி எடுப்பான். அந்த நிகழ்ச்சியைத் தவறாமல் கேட்பவர்கள் இருவர். ஒருத்தி அவன் அக்கா, இன்னொருவன் அவனே. இன்று நெல்பா வந்திருந்தாள். எந்த இசைத்தட்டுக் கம்பெனியையும் அண்டாமல் பாடியே வாழ்ந்தவள். அவள் பாடினால் தெருவில் பஸ்கூட மெதுவாகப் போகும் என்பது ஹெபரின் நம்பிக்கை. அவளிடம் கேட்க ஒரே ஒரு கேள்வியைப் பல வருடமாக அடைகாத்து வைத்திருந்தான்.

ஒரே சுரைக்குடுவையில் மாத்தே என்ற கசப்புத் தேநீர் இலை போட்டு, வெந்நீர் ஊற்றி ஊற்றி ஒவ்வொருவருக்கும் மாறி மாறிக் கொடுப்பது அந்த ஊரில் வீட்டுக்காரன் வேலை. போதுமென்றால் குடித்தவர் "நன்றி" என்பார். அதுவரை நிறுத்தக் கூடாது.

"ஒவ்வொரு பாட்டுலயும் நடுவுல ஏன் நிறுத்துறீங்க? மூச்சு வாங்குதுன்னு சொல்றாங்களே?"

"மூச்சா! அது என் தம்பி வில்மார் பாடுற இடம்டா, மண்டு. அவன் செத்துட்டான்னு அவன் வரியை நான் பிடுங்கிக்கணுமா?"

ஹெபருக்குக் கண் கலங்கியது. பழி போட ஒரு வெங்காயம்கூட வீட்டில் இல்லை.

அவன் நீட்டிய குடுவையை அவள் குடிக்காமல், பேச்சுவாக்கில் பக்கத்துக் காலி நாற்காலியின் முன்னால் வைத்தாள். திரும்ப எடுத்தபோது தண்ணீர் இல்லை, இலைதான் இருந்தது. ஹெபர் அப்புறம் மூன்று பேருக்கும் முறைப்படி ஊற்றினான்.

சாயங்காலம் நெல்பா "நன்றி" சொல்லி, ஊர் வழக்கப்படி அவன் கன்னத்தில் முத்தமிட்டுக் கிளம்பினாள். நாற்காலியின் முன்னால் குடுவை மறுபடி காலியாக இருந்தது. ஹெபர் கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். அங்கிருந்து யாரும் நன்றி சொல்லவில்லை.

கெட்டிலை மீண்டும் அடுப்பில் வைத்தான்.