நாற்பது கைநாட்டு

“செருப்பைக் கழட்ட வேண்டாம்மா, அதோடவே ஏறுங்க. அதுவும் உங்ககூடத்தானே பறக்கப்போகுது” என்றான் சுமைக்காரன் பாசிலியோ.

விமானத் துறையின் துணை அமைச்சர் கிரசியேலா அம்மையார் தராசைப் பார்த்தார். மாட்டுத் தொடை நிறுக்கும் இரும்பு மேடை. எத்தனை வாளி தண்ணீர் ஊற்றினாலும் கவிச்சி போகாது. மமோரே ஆற்றுப் பக்கம் மழைக்காலத்தில் சாலை கிடையாது. இறைச்சியும் மனுசரும் ஒரே குட்டி விமானத்தில்தான் போயாக வேண்டும். அதனால் தராசும் ஒன்றுதான்.

“அமைச்சரம்மாவையா நிறுக்கப் பாக்குற? சும்மா எழுபதுன்னு எழுது” என்று பல்லைக் கடித்தார் விமானி ஒஸ்வால்தோ.

“சொல்ற எடை வேற, நிக்கிற எடை வேற, கேப்டன். நீங்களே சொன்னதுக்கு மேல ஒன்பது கிலோ நின்னீங்க.”

அம்மையார் சிரித்துவிட்டு ஏறினார். எழுபத்து நான்கு.

அவருடைய செயலாளர் தொண்ணூற்று ஒன்று. புகைப்படக்காரர் எண்பத்து மூன்று. பாசிலியோ பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதினான்.

பின்னால் நின்ற இன்னொரு சுமைக்காரன் குவாஜி அவன் இடுப்பில் இடித்தான். “அண்ணே, தாளைக் குடு. அம்மா நல்லா சிரிச்சுக்கிட்டிருக்கு, இப்பவே குடு.”

சட்டைப் பையில் அந்தத் தாள் இருந்தது. நாற்பது சுமைக்காரர்களின் கைநாட்டு. மூன்று வருடம் முன்பு ஒரு விமானம் சதுப்பில் விழுந்தபோது இதே அம்மையார் ஒரு விதி போட்டார்: சுமை ஏற்றுகிறவன் எடைத்தாளில் கையெழுத்துப் போடாமல் எந்தச் சிறு விமானமும் கிளம்பக் கூடாது, கூடுதல் எடையோடு அனுப்பினால் அவனுக்கும் சிறை. ஓட்டுவது விமானி, லாபம் முதலாளிக்கு, உள்ளே போவது மட்டும் நாமா என்று ஆட்கள் கொதித்தார்கள். அந்தக் கையெழுத்தை எங்களிடமிருந்து எடுத்துவிடுங்கள் என்பதுதான் மனு.

நாற்பது பேரில் வாசிக்கத் தெரிந்தவன் பாசிலியோ மட்டும். தன்னால் வாசிக்க முடியாத எடைத்தாளில் கைநாட்டு வைக்கப் பயந்து, நாற்பத்தாறு வயதில் மாதா கோயில் வகுப்பில் பிள்ளைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தவன்.

“இரு, கணக்கை முடிச்சுக்கிறேன்” என்றான்.

பைகள் பன்னிரண்டு கிலோ. கோப்புப் பெட்டி இருபத்தொன்று. ஊர்த்தலைவர் அன்பளிப்பாகக் கொடுத்த உப்புக்கண்டம், பாலாடைக்கட்டி, மரத்தில் செதுக்கிய சிறுத்தை, எல்லாமாகத் தொண்ணூற்றைந்து.

“கேப்டனைத் தள்ளி மொத்தம் முந்நூத்தி எழுபத்தாறு. ஓடுபாதை ஈரமா இருந்தா இருநூத்தி அறுபத்தஞ்சுக்கு மேல ஏத்தக் கூடாது. நூத்திப் பதினோரு கிலோ கூட.”

“நான் ஓட்டுறேன்ல, எனக்குத் தெரியாதா?” என்றார் ஒஸ்வால்தோ. “போடு கையெழுத்தை.”

“போட மாட்டேன், கேப்டன்.”

“யாரு முன்னாடி பேசுறன்னு தெரியுதா?” என்று செயலாளர் முன்னால் வந்தார்.

“எனக்குத் தெரியுதுங்க. அந்த எஞ்சினுக்குத் தெரியாதே.”

குவாஜி தலையில் கை வைத்துக்கொண்டான். ஊர்த்தலைவர் முகம் கறுத்தது. அம்மையார் மட்டும் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதன் கோடியில் சேற்றுத் தண்ணீர் வானத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

“சிறுத்தையை இறக்குங்க. எல்லாத்தையும்தான். பெட்டியையும்” என்றார். பெட்டியிலிருந்து ஓர் உறையை மட்டும் எடுத்துக்கொண்டார். “இது மட்டும் வரட்டும். சாயங்காலம் நகரத்துக் கூட்டத்துல வாசிச்சு அறிவிக்கணும்.”

“தாராளமாம்மா. காகிதத்துக்கு என்ன எடை?” பாசிலியோ மறுபடி கூட்டினான். இருநூற்று அறுபது. பெயரை எழுத்துக்கூட்டி எழுதி, தாளை நீட்டினான்.

அம்மையார் அந்தக் கோணல் எழுத்துகளையே பார்த்தார். “ஒண்ணு கேக்கறேன். இந்தக் கையெழுத்து உங்க கையில இல்லேன்னா இன்னிக்கு என்ன பண்ணியிருப்பீங்க?”

பாசிலியோ யோசித்தான். பொய் சொல்லத் தோன்றவில்லை.

“தொப்பியைக் கழட்டி, கையாட்டி அனுப்பியிருப்பேம்மா. நான் சொன்னா யாரு கேப்பாங்க?”

அம்மையார் விமானத்தில் ஏறிக்கொண்டார். எஞ்சின் உறுமியது. பிறகு கதவு மறுபடி திறந்தது. உறையோடு ஒரு கை வெளியே வந்தது.

“இதையும் இறக்கிடுங்க” என்று சத்தத்துக்கு மேலே கத்தினார்.

“எடை சரியா இருக்கும்மா!”

“எனக்குக் கனக்குது!”

விமானம் சேற்றை வாரி அடித்துக்கொண்டு ஓடி, பாதை முடிய பத்தடி இருக்கும்போது மேலே எழும்பியது. சக்கரங்கள் நாணலை உரசிப் போயின. குவாஜி சிலுவைக்குறி போட்டுக்கொண்டான். அப்புறம்தான் அவனுக்கு ஞாபகம் வந்தது.

“அடப்பாவி, மனு உன் பையிலேயே இருக்கே அண்ணே. ஆளுங்களுக்கு இனி என்ன பதில் சொல்லுவ?”

பாசிலியோ தராசின் மேல் உட்கார்ந்து உறையைப் பிரித்தான். விரலை வைத்து, வரிவரியாக, உதடு அசைய வாசித்தான்.

சிறு விமானங்களின் எடைத்தாளில் சுமை ஏற்றுவோர் கையெழுத்து இனி தேவையில்லை என்று அதில் இருந்தது; அடியில் இன்றைய தேதியும் அம்மையாரின் கையெழுத்தும் இருந்தன.

“என்னண்ணே எழுதியிருக்கு?” என்றான் வாசிக்கத் தெரியாத குவாஜி.