அந்த ஒரு கேள்வி

"பாலிசியா? வேற வேலை இல்லையா உனக்கு? கிளம்பும்மா!"

புது ஏஜென்ட் அசரவில்லை. இந்த வேலையில் தேறினால்தான் அவள் வீட்டில் அடுப்பெரியும்.

"ரெண்டே நிமிஷம், சார்."

"சரி, சொல்லித் தொலை."

மளமளவென்று விளக்கினாள். அவர் முகம் இளகியது.

"எல்லாம் சரி. நாளைக்கே எனக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா, என் பொண்டாட்டிக்கு என்ன கிடைக்கும்?"

அவள் கண் கலங்கிவிட்டது.

"அட அசடு! எல்லாரும் கேக்கற கேள்விதானே? இதுக்கே அழுதா எப்படிப் பாலிசி விப்ப?"

நோயில் விழுந்ததிலிருந்து தன் தொழிலை அவளுக்குப் பழக்கிக்கொண்டிருந்த கணவர், படுத்தபடியே கை நீட்டி அவள் கண்ணைத் துடைத்துவிட்டார்.

"ஊரே கேட்டாலும் டக்குனு சொல்லிடுவேங்க. நீங்க மட்டும் கேக்காதீங்க."