மூன்று விரல் பிடி

"ச்சீ! கோழி வெட்டுற கத்தியாடா அது?" என் மகன் கோய் பென்சிலைப் பிடித்த விதம் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

முதல் வகுப்புக்கு முன்னமே கையெழுத்து வகுப்பில் சேர்த்திருந்தோம். டீச்சர் தினமும் பெற்றோர் குழுவுக்குப் படம் அனுப்புவார். அதில் மூன்று விரலில் அழகாகப் பிடித்திருப்பான். நோட்டிலும் எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஹாய் ஃபோங் ஊர்ச் சொந்தங்களிடமெல்லாம் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

"அங்க ஒழுங்கு, வீட்ல இந்தக் கண்றாவியா? படத்துல மாதிரி பிடிச்சு உன் பேரை எழுது!"

உடனே மூன்று விரலில் பிடித்தான். நிமிர்ந்து உட்கார்ந்து, பல் தெரியச் சிரித்தான். பென்சில் நகரவில்லை.

"எழுதுடா!"

"ஆடக் கூடாதும்மா. படம் கலைஞ்சிடும்."

"அப்போ நோட்டுல யாருடா எழுதுறது?"

"டீச்சர்தான். இப்படிப் பிடிச்சு" என்றவன், பென்சிலை மறுபடியும் கோழி வெட்டுகிற கத்தி மாதிரியே பிடித்துக் காட்டினான்.