மோரிஸ் மைனரும் ஒரு மீசையும்

"வண்டிய நிப்பாட்டும்வே!"

பின்சீட்டில் இருந்து சுபேதார் அப்பாத்துரை மறுபடியும் கத்தினார்.

வைத்தியலிங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வண்ணார்பேட்டையில் கிளம்பிய ஊர்வலம் இன்னும் முருகன்குறிச்சியைக்கூட எட்டவில்லை. அதற்குள் இது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதையே அவர் விட்டுவிட்டார்.

"இப்ப என்ன அண்ணாச்சி?"

"தொப்பியக் காணும்."

"தலையிலதான இருக்கு!"

சுபேதார் தடவிப் பார்த்தார். "ஆமா. நேரா இருக்கான்னு பாக்கணும். ஓடுத வண்டியில எப்படிப் பாக்க? நிப்பாட்டும்."

நிறுத்தினார். முதல் கார் நின்றதும் அதற்கு முன்னால் போன பேண்டு வாத்தியம் நின்றது. பின்னால் வந்த கார்கள் எல்லாம் நின்றன.

சுதந்திரப் பொன்விழா ஆண்டு. ஊரில் பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து, ஓய்வுபெற்ற ராணுவ வீரர்களைக் காரில் ஏற்றி, மாலை போட்டு, பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துக்கு அழைத்துப் போகிறார்கள். அங்கே மேடையில் வீரர்கள் போர்க்கள நினைவுகளைப் பேச வேண்டும்.

முதல் கார் ஹெட் கிளார்க் வைத்தியலிங்கத்தின் மோரிஸ் மைனர். இரண்டாவது, ஜவுளிக்கடை தாஜ் முகம்மதுவின் பிளைமவுத். வம்பே அங்கேதான். "உம்ம வண்டி மைதானம் வரைக்கும் வந்து சேருமாவே?" என்று போன கூட்டத்தில் தாஜ் முகம்மது கேட்டுத் தொலைத்துவிட்டார்.

"வழியில ஒரு தடவ இஞ்சின் அமந்தாலும் இந்த மீசைய எடுத்துருதேன்!" என்று எல்லார் முன்னாலும் முறுக்கிக் காட்டியிருந்தார் வைத்தியலிங்கம்.

அது சாமானிய மீசை இல்லை. தினமும் காலையில் எண்ணெய் போட்டு நீவி வளர்த்தது. 'அந்த நேரத்துக்கு நாலு கத்திரிக்காய நறுக்கிக் குடுத்தா என்ன?' என்று அவர் மனைவி அன்னத்தாய் கேட்காத நாளில்லை.

ஆகவே எங்கே நின்றாலும் இஞ்சினை மட்டும் அவர் அணைக்கவில்லை. நின்றபடியே ஓடி ஓடி, ரேடியேட்டர் உலைப்பானை மாதிரி முனக ஆரம்பித்திருந்தது.

பிளைமவுத்தின் ஹாரன் அலறியது. "என்னவே, படுத்துட்டா?"

"ஓடுதுவே! காது கேக்கலியா?"

கொஞ்ச தூரம் போனதும் சுபேதாருக்கு பூட்ஸ் நாடா அவிழ்ந்தது. கட்டினார். இன்னொரு காலுக்கும் அவிழ்த்துக் கட்டினார். அடுத்து நன்னாரி சர்பத் வேண்டும் என்றார். வாங்கிக் கொடுத்தால், "சீனி கூடிட்டு" என்று குடிக்காமலே திருப்பிக் கொடுத்தார். ஊசிக் கோபுரத்துச் சர்ச்சைக் கண்டதும் ஜெபம் பண்ணியே ஆக வேண்டும் என்று கண்ணை மூடினார். மூடியதில் ஒன்று பாதி திறந்தே இருந்தது.

"மேடையில என்ன அண்ணாச்சி பேசப் போறிய?" பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார் வைத்தியலிங்கம்.

"சப்பாத்தி கல்லு மாதிரி இருந்துச்சின்னு பேசப் போறேன். நிப்பாட்டும், ஒண்ணுக்கு வருது."

ரேடியேட்டர் மூடியில் ஆவி கிளம்பியது. வைத்தியலிங்கத்தின் பொறுமையும் கிளம்பிவிட்டது.

"பெரிய மனுசன்னு பாத்தா, வேணும்னே செய்யுதியளா? என் மானம் போயிரும் அண்ணாச்சி!"

சுபேதார் காரை விட்டு இறங்கவில்லை. முன்னால் குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"பேண்டுல ஓரமா, டிரம்பெட்டோட ஒரு நெட்டையன் நிக்கான் பாரும். பேரு ஜெபஸ்டின். எங்க ரெஜிமெண்டுல பியூகிள் ஊதினவன். பனியில, விடியக்காலம் அவன் ஊதித்தான் நாங்க எந்திரிப்போம். அவனத் திட்டாம எந்திரிச்ச நாளே கிடையாது. இப்ப அவனுக்கு மூச்சிழுப்புவே. நடந்துக்கிட்டே ஊத முடியல."

"அவரும் பட்டாளமா? சங்கத்துல பேர் குடுத்திருக்கலாமே!"

"குடுத்தான். துப்பாக்கி பிடிச்சவங்களுக்குத்தான் காருன்னு யாரோ திருப்பி அனுப்பிட்டாங்களாம். இப்ப கூப்பிட்டாலும் ஏற மாட்டான், ரோசக்காரன். பேண்டு வேலைய பாதியில விட்டா கூலியும் போயிரும். யாருட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வேற வாங்கினான். உம்மாலதான் அதையும் மீறினேன்."

'ஊதினவன் எல்லாம் வீரன்னா, கல்யாண வீட்டு நாதஸ்வரத்தையும்லா கார்ல ஏத்தணும்!' என்று சங்கத்தில் எல்லாரையும் சிரிக்க வைத்தது வைத்தியலிங்கமேதான். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

முன்னால் பேண்டு மாஸ்டர் கையை உயர்த்தினார். முட்டியைப் பிடித்துக் குனிந்திருந்த ஜெபஸ்டின், நிமிர்ந்து டிரம்பெட்டைத் தூக்கப் பார்த்தார். பாதியில் இருமல் வந்து கை இறங்கிவிட்டது.

"எனக்குத் தெரிஞ்ச சாக்கெல்லாம் தீந்துட்டுவே," என்றார் சுபேதார் பாவமாக.

வைத்தியலிங்கம் மீசையை ஒருமுறை நீவிவிட்டுக்கொண்டார். சாவியைத் திருப்பினார். மோரிஸ் மைனர் ஓர் உதறு உதறி அமர்ந்தது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாஜ் முகம்மது ஓடி வந்தார். முகமெல்லாம் பல்.

"அமந்துட்டா? மீச போச்சாவே?"

"போச்சுவே," என்று பானெட்டைத் திறந்து வைத்தார் வைத்தியலிங்கம். "பேண்டுக்காரங்கள எல்லாம் அந்த வேப்பமர நிழல்ல உக்காரச் சொல்லிட்டு, சலூன்காரரக் கூட்டியாரும். ஒண்ணும் அவசரமில்ல, பையவே வரட்டும்."