சாரிக்கு என்ன அர்த்தம்?

அநியாயம் நடந்தது அக்காவுக்கு. அட்டைப்பெட்டி ஆலையில் வெட்டும் மிஷினில் சிக்கிப் புருஷன் போய்விட்டான். போனவன் தலையிலேயே பழியையும் கட்டிவிட்டார்கள். வேலையைச் சீக்கிரம் முடிக்கும் அவசரத்தில், மிஷினின் பாதுகாப்புத் தடுப்பை அவனே கழட்டிப் போட்டானாம்.

கொடுப்பதை வாங்கிக்கொண்டு பேசாமல் இரு என்றார்கள் சொந்தக்காரர்கள். அக்காவுக்கு நஷ்டஈடு இரண்டாம்பட்சம். நாளைக்கு மகள் வளர்ந்து, அப்பா எப்படிச் செத்தார் என்று கேட்டால், தன் புத்தி கெட்டுச் செத்தார் என்றா சொல்வாள்?

கையிலிருந்த சாட்சி ஒரே ஒரு சொல். அன்றைக்குப் பிணவறை வாசலில் ஆலையின் ஃபோர்மேன் அக்காவிடம் வந்தார். தரையைப் பார்த்துக்கொண்டு, "சாரிம்மா" என்றார். போய்விட்டார். பக்கத்தில் நின்ற தங்கை அதைக் காதால் கேட்டாள்.

தங்கை பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிக்கிறவள். வாதம் என்று வந்துவிட்டால் சோறு தண்ணி வேண்டாம் அவளுக்கு. தப்பே செய்யாதவர் எதற்கு சாரி சொல்ல வேண்டும் என்று விபத்து விசாரணையில் ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டாள்.

விசாரணை ஆலையின் மாடியறையிலேயே நடந்தது. கீழே அதே மிஷின், புதுத் தடுப்பு மாட்டிக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போல ஓடிக்கொண்டிருந்தது.

கம்பெனி வக்கீல் தலையணை கனத்துக்கு ஓர் அகராதியைக் கையோடு கொண்டுவந்திருந்தார். சாரி என்ற சொல்லின் பூர்வீகம், புண், வலி என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லாம். குற்றத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. 'எனக்கு வலிக்கிறது' என்பதைத் தவிர அதில் வேறெதுவும் கிடையாது என்றார்.

"பஸ்ல ஒருத்தர் என் காலை மிதிச்சா, நான்தான் சாரின்னு சொல்றேன். தப்பு யார் மேல, நீங்களே சொல்லுங்க தங்கச்சி."

விசாரணை அதிகாரியே சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதைவிடக் கொடுமை, வக்கீல் சொன்ன பூர்வீகம் நிஜம். அவளும் அகராதியைப் புரட்டிப் பார்த்தவள்தான். அக்காவிடம் மூச்சு விடவில்லை.

அதற்காக விட்டுவிடுவாளா?

"நைஸ்ங்கிற வார்த்தை முதல்ல வந்தப்ப அதுக்கு முட்டாள்னு அர்த்தம் சார். நீங்க ரொம்ப நைஸ்னு யாராவது சொன்னா சண்டைக்கா போவீங்க? வார்த்தை எங்கே பிறந்ததுன்னு பார்க்காதீங்க. யார் வாயிலேருந்து, யாரைப் பார்த்து வந்ததுன்னு பாருங்க."

வக்கீலின் முகம் கொஞ்சம் சுருங்கியது. அதிகாரிக்குப் பொறுமை போய்விட்டது. பட்டிமன்றம் போதும், சொன்னவரையே கேட்டுவிடுவோம் என்று ஃபோர்மேனைக் கூப்பிட்டார்.

வக்கீலுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் ஃபோர்மேன் உட்கார்ந்திருந்தார். வக்கீல் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் கையில் கொடுத்தார். அந்த உபசாரத்தைப் பார்த்ததுமே ஆள் விலைபோய்விட்டார் என்று தங்கை முடிவு கட்டிவிட்டாள். செத்தவனோடு தினமும் சாப்பாட்டைப் பகிர்ந்து சாப்பிட்ட மனுஷன்.

"துக்கம் விசாரிச்சேன். அவ்வளவுதான்," என்றார் ஃபோர்மேன். பாடம் ஒப்பிக்கிற குரல்.

அதிகாரி எழுதிக்கொண்டார். வக்கீல் அகராதியை மூடினார்.

தங்கை மறுபடி வாயைத் திறப்பதற்குள் அக்கா அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள் அப்போதுதான் எழுந்தாள். வக்கீலைப் பார்க்கவில்லை, அதிகாரியையும் பார்க்கவில்லை.

"அண்ணே, அன்னிக்குத் துக்கம் விசாரிக்க வந்தவங்க எல்லாம், 'உனக்கா இப்படி ஆகணும்'னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. நீங்க மட்டும் ஏண்ணே இங்கிலீஷ்ல சொன்னீங்க? என்கிட்ட நீங்க என்னிக்கு இங்கிலீஷ் பேசியிருக்கீங்க?"

ஃபோர்மேன் எழுந்தார். வக்கீல் சட்டையைப் பிடித்து இழுத்ததை அவர் சட்டை செய்யவில்லை. முதல்முறையாக அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"மன்னிச்சிடும்மான்னு சொல்லத்தான் வந்தேன். அப்படிச் சொல்லியிருந்தா, எதுக்குண்ணேன்னு கேட்டிருப்பே. கேட்டா, மேலிடத்துல சொன்னாங்கன்னு அந்தத் தடுப்பைக் கழட்டினது நான்தான்னு சொல்லியாகணும். சாரின்னு சொன்னா, எதுக்குன்னு யாரும் கேக்கறதில்லம்மா."