எலி இழுத்த கேபிள்

“இந்த மாசத்துல மூணாவது தடவைங்க. பெல்ட் நின்னுடுச்சு. மோட்டார ஓட்டுற டிரைவ்ல கம்யூனிகேஷன் கட்டுனு காட்டுது,” என்று சலித்துக்கொண்டார் கீழ்பென்னாத்தூர் மல்லாட்டை உடைக்கும் கடலை மில் முதலாளி கண்ணாயிரம்.

“கேபிள் கழண்டா பெல்ட் தானா நின்னுடுங்க. எலி இழுக்குதுபோல,” என்றான் இன்ஜினியர் மாறன்.

“எலியோ பூனையோ, கேபிள் கழண்டாலும் பெல்ட் ஓடணும். செட்டிங்க மாத்துங்க.”

மாற்றினான். கேபிளைக் கழற்றியும் காட்டினான். பெல்ட் ஓடிக்கொண்டே இருந்தது. முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

டீ குடித்து முடிப்பதற்குள் உள்ளே அலறல். மாறன் ஓடினான். அங்கே வேலை செய்யும் கவியாவின் புடவையை பெல்ட் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. பிடுங்கிய கேபிளோடு நின்றாள் கூட வேலை செய்யும் சந்திரம்மாள்.

“பெல்ட்ட நிறுத்துற சுவிட்சு வேலை செய்யாதுன்னு, யாராச்சும் மாட்டிக்கினா இத்ததானே புடுங்குவோம்... இன்னிக்கு ஏன் சார் நிக்கல?”